சர்வர் சாவி என்னிடம், ஃபோல்டர் பட்டியல் ஆன்ட்டியிடம்

தைப்பூசத்தன்று காலை. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் கோயில் வாசலில் காவடியைத் தோளில் ஏற்றப் போகிறேன், மனைவியின் கைப்பைக்குள் என் போன் அடிக்கிறது. பத்து நாள் விரதம், மஞ்சள் வேட்டி, இன்று போனைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் வேறு. அவள் எடுத்துப் பேசிவிட்டு என் காதருகே வந்தாள். "இம்போர்ட் செக்ஷன்ல புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்காளாம். ஃபோல்டர் திறக்கலையாம்."

தென்னாப்பிரிக்காவில் தைப்பூசம் அரசு விடுமுறை கிடையாது. நாம் காவடி எடுத்தாலும் டர்பன் துறைமுகத்தில் கப்பல் வந்துகொண்டுதான் இருக்கும், ஆபீஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த ஃபோல்டரைத் திறந்துவிட எனக்கு முப்பது நொடி போதும். ஆனால் அதைச் செய்ய ஆபீஸில் என்னை விட்டால் ஆள் இல்லை. முந்தின வருடம் ஒருவர் இருந்தார். ஊருக்குப் போகும் அவசரத்தில் அவரை டொமைன் அட்மின்ஸ் குழுவில், அதாவது ஆபீஸ் நெட்வொர்க் முழுவதற்கும் எல்லா உரிமையும் உள்ள குழுவில், சேர்த்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்ததைக் கீழே சொல்கிறேன். அதற்கப்புறம் யாரிடமும் எதையும் கொடுப்பதில்லை என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். இரண்டுமே தப்பு என்று காவடியோடு நடக்கும்போது புரிந்தது. அட்மின் உரிமை கொடுக்காமல், ஃபைல் சர்வரின் அன்றாட வேலைகளை மட்டும் இன்னொருவரிடம் ஒப்படைக்க, பிறகு ஒரு மாதம் உட்கார்ந்து செய்த ஏற்பாடுதான் இது.

என் நிலவரம்: துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங், ஃபார்வர்டிங் கம்பெனி. சுமார் தொண்ணூறு பேர், ஒரே டொமைன் (எல்லோருடைய கணக்கும் கம்ப்யூட்டரும் ஒரே நிர்வாகத்தின் கீழ்), எல்லோருடைய ஃபோல்டர்களும் இருக்கும், விண்டோஸ் சர்வர் 2019 போட்ட ஒரு ஃபைல் சர்வர், ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு சின்னக் கிளை. உங்களுடையது 2016 ஆக இருந்தாலும் 2022 ஆக இருந்தாலும் கீழே உள்ளதெல்லாம் பொருந்தும். கட்டளைகளையும் மெனு பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நோட்டு

சர்வரைத் தொடுவதற்கு முன் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஃபைல் சர்வர் சம்பந்தமாக யார் எதற்குக் கூப்பிட்டாலும் ஒரு வரி எழுதினேன். மாதக் கடைசியில் புரட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே நான்கு வகைக்குள் அடங்கிவிட்டன. இன்னாரை இந்த ஃபோல்டருக்குள் விடு, அல்லது எடு. எக்செல் ஃபைல் வேறு யாரோ பேரில் பூட்டிக் கிடக்கிறது. தெரியாமல் அழித்துவிட்டேன், மீட்டுக் கொடு. புதிதாக ஒரு ஃபோல்டர் வேண்டும்.

இந்த நான்கில் எதற்குமே சர்வரில் லாகின் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. நோட்டைப் பார்க்கும்வரை எனக்கே அது உறைக்கவில்லை. "ஃபைல் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்" என்று மொத்தமாக யோசித்ததால்தான் அட்மின் உரிமை என்ற மொத்தத் தீர்வே மனதில் வந்துகொண்டிருந்தது. நீங்களும் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். வகைகள் வேறாக இருக்கலாம், எண்ணிக்கை பெரிதாக மாறாது.

யாரிடம் கொடுப்பது என்பதில் எனக்குக் குழப்பமே வரவில்லை. ரெக்கார்ட்ஸ் பிரிவில் ஒரு அம்மா இருக்கிறார். நாங்கள் எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயே பிறந்து வளர்ந்த நாலாம் தலைமுறை. தமிழ் அவருக்குக் கோயிலிலும் சமையலறையிலும் மட்டும்தான், மற்றதெல்லாம் டர்பன் இங்கிலீஷ். எந்த ஃபைலை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பது என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். உண்மையில் நானே அவரைக் கேட்டுத்தான் அனுமதி போட்டுக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. அது ஒரு குறையும் இல்லை.

கொடுக்கக் கூடாதவை

டொமைன் அட்மின்ஸ் வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். "சரி, அந்த ஒரு சர்வரில் மட்டும் லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸில் போடுகிறேன்" என்பதுதான் நல்லவர்களும் செய்யும் தப்பு. டொமைன் அட்மின்ஸில் இருப்பவர் அந்த சர்வரிலும் லோக்கல் அட்மின்தான். ஊரிலிருந்து திரும்பிய பிறகு நான் பார்த்தது அந்த லோக்கல் அட்மின் உரிமையின் விளைவைத்தான்.

அந்த ஆள் கெட்டவர் இல்லை. ரிமோட் டெஸ்க்டாப்பில் சர்வருக்குள் போய், எதையோ தேடி, சம்பளப் பட்டியல் ஃபோல்டரைத் தெரியாமல் அழுத்தியிருக்கிறார். "இந்த ஃபோல்டரைப் பார்க்க உங்களுக்கு இப்போது அனுமதி இல்லை, தொடர கன்டினியூ அழுத்துங்கள்" என்று ஒரு பெட்டி வரும் அல்லவா, அது வந்திருக்கிறது. அழுத்தியிருக்கிறார். நாமும் நூறு முறை அழுத்தியிருப்போம். அந்தப் பொத்தான் செய்யும் வேலை என்ன தெரியுமா? அந்த நேரத்துக்கு மட்டும் திறந்துவிடுவதில்லை. அழுத்தியவருடைய சொந்தக் கணக்கை அந்த ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் நிரந்தரமாக எழுதி வைத்துவிடுகிறது, உள்ளே உள்ள ஃபோல்டர்கள் வரைக்கும். நான் வந்ததும் அவரை அட்மின் குழுவிலிருந்து எடுத்தேன். ஆனால் சம்பள ஃபோல்டரில் அவர் பெயர் அப்படியே உட்கார்ந்திருந்தது. நான்கு மாதம். தன் மேஜையிலிருந்தே எல்லோருடைய சம்பளத்தையும் பார்த்திருக்கலாம். பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

இப்படி ஒட்டிக்கொண்ட பெயர்களைப் பிடிக்க ஃபைல் அனுமதிகளைக் கையாளும் ஐகேக்ல்ஸ் கட்டளையில் ஃபைன்ட்சிட் என்று ஒரு விருப்பம் இருக்கிறது. ஆளின் கணக்கைக் கொடுத்து, உள்ஃபோல்டர்களுக்கும் போகும்படி சாய்வுக்கோடு டி சேர்த்து ஓட்டினால் எங்கெல்லாம் அவர் பெயர் நேரடியாக இருக்கிறதோ அத்தனையையும் காட்டும். ரிமூவ் விருப்பத்தால் எடுத்துவிடலாம். எடுப்பதற்கு முன் அதே கட்டளையின் சேவ் விருப்பத்தால் இருக்கும் அனுமதிகளையெல்லாம் ஒரு ஃபைலில் சேமித்துக்கொள்ளுங்கள். ரிஸ்டோர் என்று சொன்னால் பழையபடி வந்துவிடும். இதைச் செய்யாமல் அனுமதியில் கை வைக்கவே வைக்காதீர்கள்.

உங்களுக்கே அந்தக் கன்டினியூ பெட்டி வராமல் இருக்க வேண்டுமானால், அட்மின்களுக்கென்று தனியாக ஒரு டொமைன் குழு உருவாக்கி, மேல் ஃபோல்டரில் அதற்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுங்கள். யூஏசி (அட்மின் உரிமையை, கேட்டு உறுதி செய்யும்வரை அடக்கி வைக்கும் விண்டோஸ் காவல்) வடிகட்டுவது உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவை. நீங்களாக உருவாக்கிய குழுவை அது கண்டுகொள்வதில்லை.

பேக்கப் ஆபரேட்டர்ஸ் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பேக்கப் எடுக்கும் உரிமை என்றால் அனுமதிப் பட்டியலைத் தாண்டி எந்த ஃபைலையும் படிக்கும் உரிமை என்று பொருள். டொமைனில் உள்ள சர்வர் ஆபரேட்டர்ஸ் குழுவோ, எல்லோருடைய கணக்கையும் வைத்திருக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலருக்கு மட்டும் உரியது. அங்கே நேரடியாக லாகின் செய்யலாம், சர்வீஸை நிறுத்தலாம், தொடங்கலாம். விஷயம் தெரிந்த ஒருவருக்கு அங்கிருந்து முழு அட்மின் ஆவது எட்டும் தூரம்தான்.

இன்னொரு பின்விளைவு. ஒருவரை ஒரு முறை டொமைன் அட்மின்ஸில் போட்டு எடுத்தாலும் அவர் கணக்கில் அட்மின்கவுன்ட் என்ற குறிப்பு 1 என்றே நின்றுவிடும், மேலிருந்து வரும் அனுமதிகளும் துண்டிக்கப்பட்டுக் கிடக்கும். அந்த ஆளின் பாஸ்வேர்டை ஹெல்ப் டெஸ்க் பையனால் ஏன் மாற்றவே முடியவில்லை என்று நான் ஒரு மத்தியானம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டது இதனால்தான். குறிப்பை அழித்து, கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் இன்ஹெரிட்டன்ஸை மறுபடி இயக்கினால் சரியாகும்.

அனுமதியை ஒரு முறை எழுது, பிறகு தொடாதே

ஆன்ட்டிக்கு உரிமை கொடுக்கும் முன் வீட்டை ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தது. எங்கள் ஃபோல்டர்களில் ஆட்களின் பெயர்கள் நேரடியாக எழுதப்பட்டிருந்தன, வேலையை விட்டுப் போனவர்கள் உட்பட. அந்த நிலையில் எதையும் யாரிடமும் ஒப்படைக்க முடியாது.

செய்தது இவ்வளவுதான். ஒவ்வொரு மேல் ஃபோல்டருக்கும் டொமைன் லோக்கல் வகையில் (அந்த டொமைனுக்குள் அனுமதி கொடுப்பதற்கான வகை) இரண்டு குழுக்கள். இம்போர்ட் ஃபோல்டருக்கு எஃப்எஸ்-இம்போர்ட்-ஆர்டபிள்யூ, எஃப்எஸ்-இம்போர்ட்-ஆர்ஓ. முதலாவதற்கு மாடிஃபை, இரண்டாவதற்கு படிக்க மட்டும். பெயரைப் பார்த்தாலே எந்த ஃபோல்டர், என்ன உரிமை என்று புரிய வேண்டும், ஏனென்றால் ஆன்ட்டி பார்க்கப்போவது பெயரை மட்டும்தான். குழுவின் டிஸ்கிரிப்ஷன் பகுதியில் ஃபோல்டரின் முழுப் பாதையையும் எழுதினேன். ஆட்களை முதலில் குளோபல் குழுவில் போட்டு, அதை டொமைன் லோக்கலுக்குள் போட வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஒரே டொமைன், தொண்ணூறு பேர் உள்ள இடத்தில் அந்த இரண்டு அடுக்கு எனக்கு அதிகம் என்று பட்டது. நேரடியாக டொமைன் லோக்கலிலேயே ஆட்களைச் சேர்க்கிறோம். ஐந்நூறு பேர் இருந்தால் நானும் இரண்டு அடுக்குதான் போடுவேன்.

யாருக்கும் ஃபுல் கன்ட்ரோல் கிடையாது, பிரிவுத் தலைவருக்கும் கூட. மாடிஃபைக்கும் ஃபுல் கன்ட்ரோலுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் அனுமதியை மாற்றுவதும் உரிமையாளர் ஆவதும்தான். "எனக்கு ஃபுல் வேண்டும்" என்று கேட்பவர்கள் உண்மையில் கேட்பது எழுதவும் அழிக்கவும்தான். மாடிஃபை போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று சொல்லுங்கள். இதுவரை யாரும் திரும்ப வந்து கேட்டதில்லை.

இதில் ஒரு ஓட்டை உண்டு. ஒரு ஃபைலை உருவாக்கியவர் அதன் உரிமையாளர் ஆகிறார். உரிமையாளருக்கு மாடிஃபை மட்டுமே இருந்தாலும் அந்த ஃபைலின் அனுமதியை மாற்றும் உரிமை தானாக வந்துவிடும். எங்கள் கணக்குப் பிரிவில் ஒருவர் தன் ஃபோல்டரிலிருந்து மற்ற எல்லோரையும் நீக்கிவிட்டு லீவில் போன கதை இப்படித்தான் நடந்தது. அடைப்பதற்கு எளிய வழி ஷேர் அனுமதி. ஃபோல்டர் மேலேயே எழுதும் என்டிஎஃப்எஸ் அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும், நெட்வொர்க் வழியாக வருபவர்களுக்கான ஷேர் அனுமதியில் ஆதென்டிகேட்டட் யூசர்ஸுக்கு சேஞ்ச் மட்டும் கொடுங்கள், ஃபுல் கன்ட்ரோல் அட்மின் குழுவுக்கு மட்டும். நெட்வொர்க் வழியாக வரும் யாரும், உரிமையாளரே ஆனாலும், அனுமதியை மாற்ற முடியாது. சர்வரிலேயே ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை செய்பவர்கள் இருந்தால் ஷேர் அனுமதி அவர்களைத் தடுக்காது. அங்கே ஓனர் ரைட்ஸ் என்ற பெயரை அனுமதிப் பட்டியலில் சேர்த்து அதற்கு மாடிஃபை மட்டும் கொடுத்தால், உரிமையாளருக்குத் தானாக வரும் அந்தச் சலுகை போய்விடும். 2008 சர்வரிலிருந்தே இது இருக்கிறது. இருந்தும் பலர் தொட்டதே இல்லை.

ஷேரில் ஆக்சஸ் பேஸ்ட் எனுமரேஷனையும் இயக்கிவிட்டேன். உரிமை இல்லாத ஃபோல்டர் கண்ணிலேயே படாது. பாதி போன் அழைப்புகள் "இது என்ன, எனக்கு ஏன் திறக்கவில்லை" என்ற ஆர்வத்தில் வந்தவை. அவை நின்றுபோயின.

ஆன்ட்டிக்குக் கொடுத்த உரிமை

இப்போது ஃபோல்டரின் அனுமதி மாறவே மாறாது. மாறுவது குழுவில் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும். அந்த ஒரு விஷயத்தை ஆன்ட்டியிடம் கொடுத்தால் போதும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒரு குழு, ஒரு பொறுப்பாளர் என்றால் குழுவின் ப்ராப்பர்ட்டீஸில் மேனேஜ்ட் பை பக்கத்தில் ஆளைப் போட்டு, அதன் கீழே உள்ள "மேனேஜர் கேன் அப்டேட் மெம்பர்ஷிப் லிஸ்ட்" கட்டத்தில் டிக் போடுங்கள். டிக் முக்கியம். பெயரை மட்டும் போட்டால் அது வெறும் தகவல், உரிமை இல்லை. பவர்ஷெல்லில் (விண்டோஸின் கட்டளைத் திரை) மேனேஜ்ட்பை மதிப்பை எழுதினாலும் அப்படித்தான், பெயர் விழும், உரிமை விழாது. நான் இருபது குழுக்களுக்கு ஸ்கிரிப்டில் போட்டுவிட்டு, ஒன்றும் வேலை செய்யாமல் முழித்தேன்.

நிறைய குழுக்கள், ஒரே பொறுப்பாளர் என்றால் இரண்டாவது வழி நல்லது. ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் கணக்குகளும் குழுக்களும் இருக்கும் பட்டியல்) ஃபைல் குழுக்களுக்கென்று தனி ஓயூ, அதாவது குழுக்களைப் போட்டு வைக்கும் ஒரு பெட்டி, உருவாக்கி, எல்லாக் குழுக்களையும் அதில் நகர்த்தினேன். ஓயூவின் மேல் வலது கிளிக், டெலிகேட் கன்ட்ரோல். யாருக்கு என்று கேட்கும் இடத்தில் ஆன்ட்டியின் கணக்கைப் போடவில்லை. ஃபைல்-பொறுப்பாளர்கள் என்று ஒரு குழு உருவாக்கி அதைப் போட்டேன், அதில் ஆன்ட்டியைச் சேர்த்தேன். ஆடி மாதம் அவர் ஏதாவது ஒரு கோயிலில் போரிட்ஜ் ப்ரேயர் என்று நாலு நாள் காணாமல் போவார். இங்கே ஆடிக் கூழ் ஊற்றுவதற்கு அதுதான் பெயர். அப்போது இன்னொருவரை அந்தக் குழுவில் போட்டு எடுத்தால் முடிந்தது. அடுத்த திரையில் வரும் பட்டியலில் "மாடிஃபை த மெம்பர்ஷிப் ஆஃப் எ க்ரூப்" என்ற ஒன்றை மட்டும் டிக் செய்யுங்கள். அதற்கு மேலே உள்ள "க்ரியேட், டெலீட் அண்ட் மேனேஜ் க்ரூப்ஸ்" பார்க்க நன்றாக இருக்கும். அது வேண்டாம்.

அந்த ஃபைல்-பொறுப்பாளர்கள் குழுவை அதே ஓயூவில் வைக்காதீர்கள். வைத்தால் பொறுப்பாளரே புதுப் பொறுப்பாளரை நியமித்துக்கொள்ளலாம். சம்பளம், டைரக்டர்கள், ஐடி ஆகிய மூன்று ஃபோல்டர்களின் குழுக்களும் வேறு ஓயூவில் இருக்கின்றன. ஆன்ட்டி தன் குழுக்களில் தன்னையே சேர்த்துக்கொள்ள முடியும் என்பதை மறக்காதீர்கள். அதைத் தடுக்க வழியில்லை. எனவே அவர் பார்க்கக் கூடாத ஃபோல்டர் எதுவும் அந்த ஓயூ பக்கமே வரக் கூடாது.

சர்வரில் லாகின் இல்லாமல், அட்மின் கருவிகள் எதுவும் நிறுவாமல் அவர் இதை எங்கிருந்து செய்வது? விண்டோஸிலேயே ஒரு பழைய தேடல் பெட்டி ஒளிந்திருக்கிறது. டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் உருவாக்கி, அதில் ரன்டிஎல்எல்32 என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு டிஎஸ்க்வெரி, காற்புள்ளி, ஓபன்க்வெரிவிண்டோ என்று சேர்த்துத் தட்டுங்கள். கடைசிச் சொல்லில் ஓ, க்யூ, டபிள்யூ மூன்றும் பெரிய எழுத்து. திறந்தால் டொமைனில் ஆளையோ குழுவையோ தேடும் பெட்டி வரும். எஃப்எஸ் என்று தட்டித் தேடினால் குழுக்கள் வரிசையாக வரும். இரட்டைக் கிளிக், மெம்பர்ஸ் பக்கம், ஆட், பெயர், ஓகே. உரிமை இல்லாத குழுவைத் திறந்தால் ஆட் பொத்தான் மங்கிக் கிடக்கும். இருபது நிமிடத்தில் ஆன்ட்டி கற்றுக்கொண்டார். ஷார்ட்கட்டுக்கு "யார் எங்கே" என்று நான் தமிழில் பெயர் வைத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, தானே அதை "கேட் கீப்பர்" என்று மாற்றிக்கொண்டார்.

அவருக்கு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தது இரண்டு வரி. ஒன்று, சேர்த்ததும் அந்த ஆளை ஒரு முறை லாக் ஆஃப் செய்து திரும்ப வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புது உரிமை ஏறாது. கம்ப்யூட்டரைப் பூட்டித் திறந்தால் போதாது. இரண்டாவது, ஆளை மட்டும் சேருங்கள், குழுவைச் சேர்க்காதீர்கள். இந்த இரண்டாவது வரி அனுபவத்தில் வந்தது. முதல் வாரமே எக்ஸ்போர்ட் பிரிவிலிருந்து நாலைந்து பேர் வரிசையாக வந்து கேட்டதும், ஒவ்வொருவராகச் சேர்க்க அலுத்துப்போய் டொமைன் யூசர்ஸ் குழுவையே சேர்த்துவிட்டார். தொண்ணூறு பேரும் உள்ளே. ஒரு மணி நேரத்தில் எனக்குத் தகவல் வந்ததால் எடுத்துவிட்டோம். தகவல் எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பூட்டிக் கிடக்கும் எக்செல்

இது நம்மூர் மின்வெட்டுக்கே உரிய தொல்லை. 2023இல் லோட் ஷெட்டிங் ஆறாம் நிலை என்று ஓடிக்கொண்டிருந்த நாட்களில் தினமும் இரண்டு, மூன்று முறை கரண்ட் போகும். சர்வருக்கு யூபிஎஸ் இருக்கிறது, மேஜைக் கம்ப்யூட்டர்களுக்கு இல்லை. கம்ப்யூட்டர் பட்டென்று செத்துப்போகும். ஃபைலைத் திறந்து வைத்திருந்த ஆள் போய்விட்டார் என்பது சர்வருக்கு உடனே தெரியாது, திறந்த கணக்கிலேயே வைத்திருக்கும். கரண்ட் வந்ததும் இன்னொருவர் அதே சுங்கப் பட்டியலைத் திறந்தால், இன்னார் பேரில் பூட்டியிருக்கிறது என்று வரும். அந்த இன்னாரோ ஜெனரேட்டர் இருக்கும் கடையில் பன்னி சௌ சாப்பிடப் போயிருப்பார். லாரி டிரைவர் வாசலில் எஸ்ஏடி 500 என்ற சுங்க அறிவிப்புப் படிவத்துக்காக நிற்பார்.

திறந்த ஃபைலை மூட அட்மின் உரிமை வேண்டும், அதில் சுற்றுவழி இல்லை. ஆனால் அந்த ஒரு கட்டளையை மட்டும் கொடுக்க ஜஸ்ட் எனஃப் அட்மினிஸ்ட்ரேஷன் என்ற ஏற்பாடு பவர்ஷெல்லில் இருக்கிறது. சுருக்கமாக ஜியா என்பார்கள். ஆள் சாதாரணக் கணக்கிலேயே சர்வரோடு ஒரு பவர்ஷெல் அமர்வு திறப்பார். அந்த அமர்வுக்குள் நாம் அனுமதித்த கட்டளைகளைத் தவிர வேறு எதுவும் இருக்காது. அனுமதித்ததை மட்டும் பின்னால் ஒரு தற்காலிக அட்மின் கணக்கு ஓட்டிக்கொடுக்கும். அமர்வு முடிந்ததும் அந்தக் கணக்கும் மறைந்துவிடும்.

இரண்டு ஃபைல்கள் எழுத வேண்டும். ஒன்று ரோல் கேப்பபிலிட்டி ஃபைல், என்னென்ன செய்யலாம் என்பது. இன்னொன்று செஷன் கான்ஃபிகரேஷன் ஃபைல், யார் செய்யலாம் என்பது. நியூ-பிஎஸ்ரோல்கேப்பபிலிட்டிஃபைல், நியூ-பிஎஸ்செஷன்கான்ஃபிகரேஷன்ஃபைல் என்ற கட்டளைகளே வெற்று வடிவத்தை எழுதித் தந்துவிடும். முதலாவதை எங்கு வேண்டுமானாலும் வைக்க முடியாது. ப்ரோக்ராம் ஃபைல்ஸில் விண்டோஸ்பவர்ஷெல் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் ஒரு மாட்யூல் உருவாக்கி, அதற்குள் ரோல்கேப்பபிலிட்டீஸ் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள்தான். நான் கடைசி எஸ் எழுத்தை விட்டுவிட்டு அரை நாள் தேடினேன்.

கெட்-எஸ்எம்பிஓபன்ஃபைல், குளோஸ்-எஸ்எம்பிஓபன்ஃபைல் இரண்டையும் நேரடியாகக் கொடுத்துவிடலாம். நான் கொடுக்கவில்லை. ஆன்ட்டி ஃபைல் எண்ணைப் பார்த்து மூடுவது அவருக்கும் கஷ்டம், தவறான ஃபைலை மூடினால் எனக்கும் கஷ்டம். ரோல் ஃபைலின் ஃபங்ஷன் டெஃபினிஷன்ஸ் பகுதியில் என் சொந்தக் கட்டளை ஒன்று எழுதினேன். ஃபைல் பெயரின் ஒரு துண்டைக் கொடுத்தால் எங்கள் ஷேர் ஃபோல்டருக்குள் மட்டும் தேடும், யார் திறந்திருக்கிறார்கள் என்று காட்டும், ஒரே ஒரு ஃபைல்தான் பொருந்துகிறது என்றால் மட்டும் மூடும். பாதையைச் சோதிக்கும் அந்த ஒரு வரி முக்கியம். பின்னால் ஓடுவது அட்மின் கணக்கு, நாம் எழுதும் ஃபங்ஷனில் உள்ள ஓட்டை எல்லாம் அட்மின் ஓட்டை. ஸ்டார்ட்-ப்ராசஸ் மாதிரி எதையும் ஓட்டும் கட்டளைகளையோ, நட்சத்திரக் குறி போட்டு ஒரு மாட்யூலின் எல்லாக் கட்டளைகளையுமோ திறந்துவிட்டால் இவ்வளவு பாடும் வீண்.

செஷன் ஃபைலில் மூன்று விஷயம் பாருங்கள். செஷன் டைப் ரெஸ்ட்ரிக்டட்ரிமோட்சர்வர், ரன்அஸ்விர்ச்சுவல்அக்கவுன்ட் உண்மை, டிரான்ஸ்கிரிப்ட்டைரக்டரி ஒரு ஃபோல்டர். கடைசியைப் போட்டால் அமர்வில் தட்டியது அத்தனையும் பதிவாகும். பிறகு ரெஜிஸ்டர்-பிஎஸ்செஷன்கான்ஃபிகரேஷன். இது ரிமோட் அமர்வுகளை நடத்தும் வின்ஆர்எம் சர்வீஸை மறுதொடக்கம் செய்யும், வேறு யாராவது ரிமோட் அமர்வில் இருந்தால் அறுந்துவிடும். சாயங்காலம் செய்யுங்கள். கெட்-பிஎஸ்செஷன்கேப்பபிலிட்டி கட்டளையில் ஆளின் பெயரைக் கொடுத்தால் அவருக்கு என்னென்ன கட்டளைகள் தெரியும் என்று அவரைக் கூப்பிடாமலே பார்த்துக்கொள்ளலாம்.

இதை டொமைன் கன்ட்ரோலரில் செய்யாதீர்கள். அங்கே அந்தத் தற்காலிகக் கணக்கு டொமைன் அட்மின் ஆகிவிடும். ஃபைல் சர்வரும் டொமைன் கன்ட்ரோலரும் ஒரே பெட்டியில் இருந்தால், முதலில் பிரியுங்கள்.

ஆன்ட்டியின் மேஜையில் இரண்டாவது ஐகான் இது. அழுத்தினால் நேராக அந்த அமர்வுக்குள் போகும், அவர் ஒரு கட்டளையும் ஃபைல் பெயரின் ஒரு துண்டும் தட்டுவார். மூடுவதற்கு முன் அந்த ஆளுக்கு ஒரு போன் போட வேண்டும் என்பது மட்டும் விதி. உண்மையிலேயே திறந்து வேலை செய்துகொண்டிருந்தால், சேமிக்காதது போய்விடும்.

மீதி இரண்டு

அழித்த ஃபைலை மீட்க யாருக்கும் எந்த உரிமையும் தர வேண்டாம். டேட்டா டிரைவில் ஷேடோ காப்பீஸ் (குறித்த நேரங்களில் டிரைவின் அப்போதைய நிலையைப் பிடித்து வைப்பது) இயக்கினால் அவரவரே ஃபோல்டரில் வலது கிளிக் செய்து ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். தானாக அமையும் நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 மணி, மதியம் 12 மணி. நான் மாலை 4 மணியையும் சேர்த்தேன். ஒரு டிரைவுக்கு 64 பிரதிகள்தான் நிற்கும், பிறகு பழையது போகும். இது பேக்கப் ஆகாது, டிரைவே போனால் எல்லாம் போகும்.

புது ஃபோல்டர் விஷயத்தில் மேல் மட்டத்தை நானே வைத்துக்கொண்டேன். மாதம் ஒன்று வந்தால் அதிகம். உள்ளே அவரவர் எத்தனை வேண்டுமானாலும் உருவாக்கிக்கொள்ளட்டும். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒரே டிரைவுக்குள் ஃபோல்டரை இழுத்துப் போட்டால் பழைய இடத்தின் அனுமதியே கூட வந்துவிடும். நகலெடுத்து ஒட்டினால்தான் புது இடத்தின் அனுமதி ஏறும்.

யார் செய்தது என்று தெரிய வேண்டும்

டொமைன் யூசர்ஸ் சங்கதி ஒரு மணி நேரத்தில் எனக்கு எப்படித் தெரிந்தது? டொமைன் கன்ட்ரோலரில் செக்யூரிட்டி க்ரூப் மேனேஜ்மென்ட் தணிக்கையை இயக்கினால், டொமைன் லோக்கல் குழுவில் ஒருவரைச் சேர்க்கும்போது 4732, எடுக்கும்போது 4733 என்ற எண்ணில் நிகழ்வு பதிவாகும். யார், யாரை, எந்தக் குழுவில் என்று மூன்றும் அதில் இருக்கும். குளோபல் குழு என்றால் 4728, 4729. ஒன்றுக்கு மேற்பட்ட டொமைன் கன்ட்ரோலர் இருந்தால் எதில் மாற்றம் நடந்ததோ அதில்தான் பதிவு இருக்கும், எல்லாவற்றிலும் தேட வேண்டும். மணிக்கொரு முறை இவற்றைப் பொறுக்கி எனக்கும் ஆன்ட்டிக்கும் மின்னஞ்சல் அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று ஓடுகிறது. ஆன்ட்டிக்கும் அனுப்புவது வேண்டுமென்றே. தான் செய்யாத மாற்றம் தன் பெயரில் வந்தால் அவர்தான் முதலில் கவனிப்பார்.

மேலிடத்தில் இதற்கெல்லாம் நேரம் கேட்டபோது, "இப்போது வேலை ஓடுகிறதே" என்றார்கள். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவைக் காட்டினேன். 2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டம், 2021 ஜூலை 1 முதல் மீறினால் நடவடிக்கை எடுக்கக் கூடியது. அதன் 19ஆம் பிரிவு, தனிநபர் தகவலைப் பாதுகாக்கப் பொருத்தமான, நியாயமான தொழில்நுட்ப, நிர்வாக நடவடிக்கைகள் எடுக்கச் சொல்கிறது. சம்பள ஃபோல்டரில் நான்கு மாதம் ஒரு பெயர் உட்கார்ந்திருந்ததைப் பக்கத்தில் வைத்தேன். நேரம் கிடைத்தது.

ஒப்படைக்கும் முன் சோதனை

சோதனைக் கணக்கு ஒன்று உருவாக்கி ஃபைல்-பொறுப்பாளர்கள் குழுவில் போட்டு, முடிய வேண்டியதைவிட முடியக் கூடாததை முதலில் முயன்று பாருங்கள். சம்பளக் குழுவில் தன்னைச் சேர்க்க முடிகிறதா? ஒரு ஃபைலின் செக்யூரிட்டி பக்கத்தில் எதையாவது மாற்ற முடிகிறதா? சர்வருக்கு ரிமோட் டெஸ்க்டாப் திறக்கிறதா? ஜியா அமர்வுக்குள் வேறு கட்டளை தட்டினால் என்ன வருகிறது? நான்கும் தோற்க வேண்டும். என்னுடையதில் முதல் முறை மூன்றுதான் தோற்றன. சோதனைக் கணக்கை ஏற்கெனவே வேறொரு காரியத்துக்காக ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸில் போட்டிருந்ததை மறந்திருந்தேன். அதே வேலைக்காக ஆன்ட்டியின் கணக்கும் அங்கே இருந்தது, மூன்று வருடமாக. அவரைக் கேட்டேன், எப்போதாவது சர்வருக்குள் போயிருக்கிறீர்களா என்று. "அதுக்குள்ள என்ன இருக்குன்னு நான் போகப் போறேன்?" என்றார், இங்கிலீஷில்.